கைப்பேசி: இப்போதே மாற்றுவதா, பொறுத்திருப்பதா?

நம் அங்கத்தினர்களுள் இருவர் ஒரே வாரத்தில் ஒரே கேள்வியை நம்மிடம் கேட்டனர். ஒருவர் வைகையின் வடகரையில் செல்லூரில் கைத்தறி நெய்பவர். மற்றவர் உசிலம்பட்டிச் சாலையில் மல்லிகை பயிரிடுபவர். ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்கி வந்தவர். "கைப்பேசி பழையதாகிவிட்டது. இப்போதே புதியது வாங்கிவிடலாமா, இன்னும் சிறிது காலம் பொறுத்திருக்கலாமா?" என்பதே இருவரின் கேள்வியும்.

நெசவாளரின் கைப்பேசி நண்பகலுக்குள் உயிர் விட்டுவிடுகிறது. மூலையில் கண்ணாடியும் கீறியிருந்தது. பூ விவசாயியின் கைப்பேசியோ உறை மாறாமல், கீறல் விழாமல், நேற்று வாங்கியது போலவே இருந்தது. ஆயினும் நாம் நெசவாளரைப் பொறுத்திருக்கச் சொன்னோம். விவசாயியை மாற்றிவிடச் சொன்னோம். இருவருக்கும் இது வியப்பாக இருந்தது. இதே கேள்வி மற்ற அங்கத்தினர்களின் மனத்திலும் இருக்கக்கூடும். ஆகவே நாம் அவ்வாறு கூறியதன் காரணங்களை இங்கே விளக்க விரும்புகிறோம்.

கருவியா, அலங்காரமா?

கைப்பேசி இன்று நமக்கு வெறும் பேசும் கருவியாக மட்டும் இருக்கவில்லை. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் அன்றைய விலை என்ன என்று விடியற்காலையில் தெரிவிப்பது அதுவே. விற்ற பணம் வந்து சேர்வதும் பலருக்கு அதன் வழியாகவே. நெசவாளருக்குக் கூலி வரவாயிற்றா என்பதை அறிவிப்பதும், புதிய கரை மாதிரியின் படத்தைக் கொண்டுவந்து காட்டுவதும் அதுதான். எனவே தறியையும் பம்பு செட்டையும் பற்றி யோசிப்பது போலவே இதைப் பற்றியும் யோசிக்கவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கையால் எறியும் நாடாவுக்குப் பதிலாகக் கயிற்றை இழுத்து ஓட்டும் நாடா சென்னை மாகாணத்தில் பரவலாயிற்று. சாதாரண ரகங்களை நெய்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டனர்; ஒரு நாளில் நெய்யும் கஜம் பெருகிற்று என்பதே காரணம். ஆனால் இருபுறமும் கரை கோத்து நெய்யும் பட்டுச் சேலைக்காரர்கள் கையெறி நாடாவை விடவில்லை. அவ்வேலைக்கு அதுவே பொருத்தமாக இருந்தது. இரு சாராரும் அறிவாளிகளே. 'புதியது எது?' என்று அவர்கள் கேட்கவில்லை. 'என் வேலைக்கு எது தேவை?' என்றே கேட்டனர். கைப்பேசி விஷயத்திலும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கவேண்டும்: என்னிடம் இருப்பதனால் எந்த வேலை நின்றுபோகிறது?

5ஜி என்னும் அதிவேக இணைப்பு நம் நாட்டில் 2022 அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்டது. அது தொடங்கியதால் 4ஜி கைப்பேசிகள் பயனற்றவை ஆகிவிடவில்லை. பூவின் விலையைக் கேட்பதற்கும், பணம் பெறுவதற்கும், மாதிரிப் படம் பார்ப்பதற்கும் 4ஜி தாராளமாகப் போதும். மருமகப்பிள்ளையின் கையில் 5ஜி இருக்கிறது என்பது மட்டும் மாற்றுவதற்குப் போதிய காரணமாகாது.

நோய் எது என்று அறிக

'கைப்பேசி சரியில்லை' என்று சொல்லுகிறோம். அதற்குள் பல வேறு நோய்கள் அடங்கியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தீர்க்கக்கூடியவை.

முதலாவது, மின்கலம். கைப்பேசியில் உள்ள லித்தியம் மின்கலம் தேய்ந்துபோகும் இயல்புடையது. ஐந்நூறு முதல் எண்ணூறு தடவை முழுமையாக மின்னேற்றியபின் அதன் கொள்ளளவு நூற்றுக்கு எண்பது என்ற அளவுக்குக் குறைவது வழக்கம். நாளொன்றுக்கு ஒரு முறை ஏற்றுபவருக்கு இஃது ஏறத்தாழ இரண்டாண்டுக் கணக்கு. வெப்பம் இந்தத் தேய்வை விரைவுபடுத்தும். சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரை வெயில் எத்தகையது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. தறிக்கூடத்துத் தகரக் கூரையின் கீழும், டிராக்டரின் முன்பலகையிலும், மோட்டார் அறையிலும் கைப்பேசியை வைப்பது மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும் செயலாகும். இரவெல்லாம் மின்னேற்றியில் மாட்டி வைப்பதும் நன்றன்று. ஆனால் தேய்ந்த மின்கலத்தை மாற்றிக்கொள்ளலாம். அச்சுப் பல் தேய்ந்தால் அச்சை மாற்றுகிறோமேயன்றித் தறியை விறகாக்குவதில்லை. மோட்டாரில் காயில் எரிந்தால் காயில் கட்டுகிறோம், கிணற்றை மூடுவதில்லை. பின்புறம் உப்பிய மின்கலத்தை மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் அகற்றிவிடவேண்டும், அது தீப்பற்றக்கூடியது.

இரண்டாவது, இடமின்மை. கைப்பேசி மெதுவாக இயங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் சேமிப்பிடம் நிரம்பிவிடுவதே. காலை வணக்கப் படங்களும், திருமண வீடியோக்களும், ஒரு முறை பார்த்து மறந்த செயலிகளும் அதை அடைத்துக்கொண்டிருக்கும். களஞ்சியத்தில் பழைய சாக்குகளை நிரப்பிவிட்டுப் புது நெல்லுக்கு இடமில்லை என்று வருந்துவதைப் போன்றது இது. வேண்டாதவற்றை அழித்துப் பாருங்கள், செலவில்லாமலே குணமாகும்.

மூன்றாவது, கண்ணாடி உடைவதும் மின்னேற்றும் துளை தளர்வதும். இவையும் பழுதுபார்க்கக் கூடியனவே. ஆயினும் கண்ணாடித் திரை விலை மிகுந்த உறுப்பு. பழுதுபார்க்கும் கூலி, அதே தரத்துப் புதிய கைப்பேசியின் விலையில் பாதியைத் தாண்டுமாயின் பழுது பார்ப்பது சிக்கனமாகாது என்பது நம் அபிப்பிராயம். அதற்குக் கீழே இருந்தால், பின்வரும் சோதனையை முதலில் செய்தபின்னரே முடிவு செய்யவேண்டும்.

மருந்தில்லாத நோய்

கண்ணுக்குத் தெரியாத நோய் ஒன்று இருக்கிறது. அதற்குப் பழுதுபார்க்கும் கடையில் மருந்து கிடையாது.

கைப்பேசிக்குள் இயங்கும் மென்பொருளில் குறைகள் இருப்பது இயல்பு. திருடர்கள் அக்குறைகளைத் தேடிக்கொண்டே இருக்கின்றனர். ஒரு குறை வெளிப்பட்டதும் அதை அடைப்பதற்கு, 'அப்டேட்' என்று கூறப்படும் பாதுகாப்புத் திருத்தத்தைக் கைப்பேசி செய்பவர் அனுப்புகிறார். வேலியில் விழுந்த இடைவெளியை முள் வைத்து அடைப்பதைப் போன்றது இது. ஆனால் செய்பவர் என்றென்றைக்கும் அடைத்துக்கொண்டிருப்பதில்லை. விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுடன் இக்காவல் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் கைப்பேசி முன்போலவே மணி அடிக்கும், படம் காட்டும், பணமும் அனுப்பும். ஆனால் வேலியில் விழும் புதிய இடைவெளிகளை அடைப்பார் இல்லை.

காவல் முடிந்த சில ஆண்டுகளில் செயலிகளும் ஒவ்வொன்றாக விலகத் தொடங்கும். ஆண்ட்ராய்டு 5ஆம் பதிப்புக்கு முற்பட்ட கைப்பேசிகளில் வாட்ஸ்அப் இயங்குவது ஏற்கெனவே நின்றுவிட்டது. அக்கைப்பேசிகளுள் பல உடையாமல், நன்றாகவே இருந்தவை.

உங்கள் கைப்பேசியின் நிலையை நீங்களே அறியலாம். 'செட்டிங்ஸ்' என்ற பகுதிக்குள் சென்று 'அபவுட் போன்' என்பதைத் திறந்து, ஆண்ட்ராய்டு பதிப்பு என்பதைத் தொடுங்கள். அங்கே பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியுடையது என்று காட்டியிருக்கும். சில கைப்பேசிகளில் இது வேறோர் இடத்தில் இருக்கக்கூடும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எளிதில் கண்டுபிடித்துத் தருவார்கள். தேதி சில மாதங்களுக்குள் இருந்தால் கவலையில்லை. ஓராண்டுக்கும் மேலாக அது நகராமல் நின்றிருந்தால், காவல்காரர் போய்விட்டார் என்றே கொள்ளவேண்டும்.

செல்லூர் நெசவாளரின் கைப்பேசி மூன்றாண்டுப் பழையது. தேதியோ இரண்டு மாதத்துக்கு முந்தையதாக இருந்தது. மின்கலத்தை மாற்றினால் இன்னும் ஓராண்டு, ஈராண்டு உழைக்கும். பூ விவசாயியின் கைப்பேசி ஏழாண்டுப் பழையது. தேதி நான்காண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. நாள்தோறும் பூ விற்ற பணமெல்லாம் அதன் வழியாகவே அவருடைய ஒரே சேமிப்புக் கணக்கில் விழுகிறது. நம் விடைகள் ஏன் வேறுபட்டன என்பது இப்போது விளங்கியிருக்கும்.

ஓர் உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். புதிய கைப்பேசி வாங்கிவிட்டால் மோசடி நெருங்காது என்று எண்ணுதல் தவறு. திருமண அழைப்பிதழ் என்றும், அரசாங்க உதவித் திட்டம் என்றும், போக்குவரத்து அபராதம் என்றும் பெயர் சூட்டி வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பை நம் கையாலேயே நிறுவிவிட்டால் எந்தக் கைப்பேசியும் காப்பாற்றாது. வேலி எவ்வளவு உயர்ந்ததாயினும் படலைத் திறந்துவிட்டால் என்ன பயன்? பணம் பறிபோனதாகத் தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசவேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்.

நடுவழியும் உண்டு

காவல் முடிந்த கைப்பேசியை உடனே மாற்ற எல்லோருக்கும் வசதி இராது. அவர்கள் அதைப் பேசுவதற்கும் செய்தி கேட்பதற்கும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பணம் செலுத்தும் செயலிகளை அதிலிருந்து அகற்றிவிடவேண்டும். அதுவும் இயலாதென்றால், அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, சிறு தொகையை மட்டும் அதில் வைத்து, சேமிப்புக் கணக்கைக் கைப்பேசியோடு இணைக்காமல் இருக்கவேண்டும்.

பொத்தான் கைப்பேசி மட்டும் உடையவர்களும் யூ.பி.ஐ. முறையில் பணம் அனுப்ப வழி உண்டு. 'யூ.பி.ஐ. 123 பே' என்னும் அந்த ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 8ஆம் தேதி தொடங்கிவைத்தது. பி.எம். கிசான் தொகைக்கு அடையாளத்தைச் சரிபார்ப்பதற்காகவே புதிய கைப்பேசி வாங்கவேண்டும் என்று சிலர் கருதுகின்றனர். பொதுச் சேவை மையத்தில் விரல்ரேகை வைத்தே அதை முடித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் பெறுவதற்காகப் பதினைந்தாயிரம் ரூபாய் செலவிடுவது கணக்காகாது.

பொறுத்தால் விலை குறையுமா?

'சிறிது பொறுத்தால் விலை இறங்கும்' என்பது பலருடைய நம்பிக்கை. பழைய அனுபவம் இந்நம்பிக்கைக்கு இடம் தந்தது. நம் நாட்டில் முதல் கைப்பேசிப் பேச்சு 1995 ஜூலை 31ஆம் தேதி நிகழ்ந்தது. அந்நாட்களில் நம்மை அழைப்பவர் பேசுவதற்கும் நாமே கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டில்தான் வரும் அழைப்புகள் இலவசமாயின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையக் கட்டணம் வெகுவாகச் சரிந்தது. அக்காலங்களில் பொறுத்திருந்தவர்கள் பயனடைந்தார்கள் என்பது உண்மையே.

ஆனால் விலை எப்போதும் ஒரே திசையில் செல்வதில்லை. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் கைப்பேசியின் மீதான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களின் வரி குறைக்கப்பட்டபோதும், கைப்பேசிக்கு 18 சதவீதமே நீடித்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வேறொரு மாறுதலும் நேர்ந்தது. கைப்பேசிக்குள் இருக்கும் நினைவகச் சில்லுகளை உலகில் பெரிய அளவில் செய்பவர்கள் சில கம்பெனிகளே. செயற்கை அறிவுக்கென எழுப்பப்படும் பெரும் கணினி நிலையங்கள் அச்சில்லுகளை ஏராளமாகக் கேட்டதால், ஆலைகள் அப்பக்கம் திரும்பின. மற்றவற்றுக்கான சில்லு விலை ஏறியது. கைப்பேசி விலைகளும் அதைத் தொடர்ந்தன. நெசவாளர்களுக்கு இது புதிய கதையன்று. வேறிடத்தில் கிராக்கி ஏற்பட்டு ஆலை அப்பக்கம் சென்றால் சிட்டா நூல் விலை ஏறுகிறது. நூல் ஏறினால் துணியும் ஏறுகிறது.

ஆகவே விலை இறங்கும் என்ற எண்ணத்தில் மட்டும் பொறுத்திருப்பதும் தவறு. ஏறிவிடும் என்ற அச்சத்தில் அவசரப்படுவதும் தவறு. பண்டிகைக் காலத் தள்ளுபடியில் ஆயிரம், ஈராயிரம் குறையலாம். தேவை உறுதியாகிவிட்ட பிறகு ஆயுத பூஜை, தீபாவளி வரை சில வாரங்கள் காத்திருப்பது நியாயமே. ஆனால் காவலற்ற கைப்பேசியில் முழுச் சேமிப்பையும் வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு காத்திருப்பது, சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பல ஆயிரத்தைப் பணயம் வைப்பதாகும்.

தவணையின் தந்திரம்

கடையில் 'வட்டியில்லாத் தவணை' என்று பலகை தொங்கும். பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. வட்டி விலையில் ஒளிந்திருக்கும். அல்லது ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி கிடைக்காமற் போகும். அல்லது கையாளும் கட்டணம் என்ற பெயரில் வரும். ரொக்க விலை என்ன, தவணைகளின் மொத்தக் கூட்டுத்தொகை என்ன என்று இரண்டையும் எழுதி வாங்கிப் பாருங்கள்.

நம்மவர்க்கு இதில் மற்றோர் அபாயமும் உண்டு. தவணை மாதந்தோறும் ஒரே அளவாக வரும். நம் வருமானம் அவ்வாறு வருவதில்லை. மல்லிகை கோடையில் கொட்டும். மார்கழி, தை மாதங்களில் பனியால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு ஓட முடியாது, தறிக்குழியில் ஈரம் ஏறும், கூலி குறையும். அம்மாதங்களில் தவணை தவறினால் அபராதம் மட்டும் அன்று, கடன் மதிப்பெண்ணும் இறங்கும். பின்னர் மாட்டுக்கோ மோட்டாருக்கோ வங்கியில் கடன் கேட்கும்போது, கைப்பேசித் தவணை குறுக்கே நிற்கும். கருவிக்காக வாங்கிய கடன் தொழிலுக்கான கடனைத் தடுத்துவிடலாகாது.

பொறுத்திருப்பவர்கள் வெறுமனே பொறுத்திருக்க வேண்டாம். மாற்ற இன்னும் ஓராண்டு இருக்கிறது என்று தெரிந்தால், இன்றே மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்கத் தொடங்குங்கள். கூலியில் சிறு தொகையைப் பிடித்துச் சேர்க்கும் வழக்கம் நம் நெசவாளர் சங்கங்களுக்குப் புதியதன்று. ஓராண்டில் பன்னிரண்டாயிரம் சேரும், ரொக்கமாக வாங்கலாம், கடைக்காரரிடம் நிமிர்ந்து பேசலாம்.

வாங்கும்போது கவனிக்க

டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் ஏறியதும் கேமராவின் எண்ணிக்கையைப் பற்றியே முதலில் சொல்லுவார்கள். நீங்கள் முதலில் கேட்கவேண்டியது: "பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுகளுக்கு? எந்தத் தேதியிலிருந்து?" என்பதே. கூகுள் 2023இல் வெளியிட்ட பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் வெளியிட்ட கேலக்ஸி எஸ்24க்கும் ஏழாண்டுகள் என்று அறிவித்தன. அவை விலை மிகுந்தவை. ஆனால் 2024இல் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி போன்ற நடுத்தர விலைக் கைப்பேசிக்கும் ஆறாண்டு அறிவிக்கப்பட்டது. இவற்றை வாங்கவேண்டும் என்று நாம் பரிந்துரைக்கவில்லை. நடுத்தர விலையிலும் நீண்ட காவல் கிடைக்கும் என்பதற்காகவே குறிப்பிட்டோம். கைப்பேசி முதன்முதல் வெளியான தேதியிலிருந்து ஆண்டுகள் எண்ணப்படுவது வழக்கம்; ஆகவே இரண்டாண்டுப் பழைய மாதிரியைத் தள்ளுபடியில் வாங்கினால் காவலில் இரண்டாண்டு குறைந்துவிடும்.

விலையை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 9,000 ரூபாயில் மூன்றாண்டுக் காவல் என்றால் ஆண்டுக்கு 3,000. 15,000 ரூபாயில் ஆறாண்டு என்றால் ஆண்டுக்கு 2,500. மலிவாகத் தோன்றுவது எப்போதும் மலிவன்று. நடுவில் ஒரு முறை மின்கலம் மாற்றும் செலவையும் இதனோடு கூட்டிக்கொள்ளவேண்டும்.

பழைய கைப்பேசியை விலைக்கு வாங்குபவர்கள் *#06# என்று அழுத்தி, திரையில் தோன்றும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் சரிபார்க்கவேண்டும். திருட்டுப் பொருளா என்பது தெரிந்துவிடும். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குபவர்கள், பணச் செயலிகளிலிருந்து விலகி, படங்களையும் எண்களையும் வேறிடத்தில் பதிந்துகொண்டு, சிம்மை எடுத்து, கைப்பேசியிலுள்ள அனைத்தையும் அழித்த பின்னரே கைமாற்றவேண்டும்.

முடிவாக, அங்கத்தினர்கள் மனத்தில் இருத்தவேண்டியவை இரண்டே கேள்விகள். என் வேலை எதில் தடைப்படுகிறது? என் கைப்பேசியின் காவல் எந்தத் தேதியில் நின்றது? தடையைப் பழுதுபார்த்து நீக்க முடிந்து, காவலும் நிற்காமல் இருந்தால் பொறுத்திருங்கள். கண்ணாடியிலுள்ள கீறலுக்காக வெட்கப்படவேண்டாம். காவல் நின்றுவிட்டு, உங்கள் பணமும் அதற்குள் இருந்தால், பளபளப்பைக் கண்டு ஏமாறாமல் மாற்றுங்கள். மாற்ற வசதி வரும்வரை பணத்தையாவது அதிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். இன்று மாலையே அந்தத் தேதியை ஒரு முறை பார்த்துவிடுமாறு அங்கத்தினர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம்.